வேரை யார் தெரிவு செய்வது? மலையக வலையமைப்புகளில் ஸ்பானிங் ட்ரீ

ஒரு சுவிட்சின் முகப்பில் எல்லாப் போர்ட்களும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை இயங்கும் சுவிட்சில் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று ரூட் போர்ட்டாக இருக்கும், சில டெசிக்னேட்டட் போர்ட்களாக இருக்கும், ஒன்றிரண்டு ஆல்டர்நேட் அல்லது பேக்கப் போர்ட்டாக ஒதுங்கி நிற்கும். கேபிள் சரியாக இருந்தும், மறுமுனையில் மின்சாரம் இருந்தும் ஒரு போர்ட் தரவை விட மறுத்தால், அதைப் பழுது என்று எண்ணிக் கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. வகுப்பறைகளில் இந்தப் பங்குகள் மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்களாகவே பெரும்பாலும் வந்து போகின்றன. அப்படிப் படித்தவருக்கு அவை ஒருபோதும் புரியப்போவதில்லை. போர்ட்டின் பங்கு என்பது ரூட் எனப்படும் வேர்ச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் முடிவு. ரூட்டை மனிதர் அறிந்து தெரிவு செய்தால் ஏனைய பங்குகள் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் வந்து அமையும். தற்செயலுக்கு விட்டால் எந்த இணைப்பு வேலை செய்யும், எது அடைபடும் என்பதையும் தற்செயலே தீர்மானிக்கும். இலங்கையின் பதுளையிலும் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களிலும் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் இருக்கிறது.

அதற்குக் காரணம் நிலம். மலைநாட்டு ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டி அங்கேயே முடிகிறது. இடையில் எங்காவது மண் சரிந்தால் ரயிலுக்கு வேறு வழி கிடையாது. வாகனப் பாதைகளின் நிலை வேறு: பண்டாரவளைப் பக்கமிருந்து வரும் பாதையும் வெலிமடைப் பக்கமிருந்து வரும் பாதையும் ஹாலிஎலயில் சந்திக்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றதில் வந்து சேரலாம். வலையமைப்பைத் திட்டமிடுபவர் முன்னும் இந்த இரண்டு தெரிவுகளே இருக்கின்றன. ஒரு தோட்டத்தில் காரியாலயம் ஓரிடத்தில், தேயிலைத் தொழிற்சாலை இன்னோரிடத்தில், வைத்தியசாலையும் பாடசாலையும் மேட்டிலோ பள்ளத்திலோ வேறோரிடத்தில். முறுக்கிய செப்புக் கேபிளின் எல்லை 100 மீற்றர். அதைத் தாண்டினால் ஃபைபர் இழுக்க வேண்டும், அல்லது கூரைக்குக் கூரை ரேடியோ இணைப்புப் போட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடியும் மின்னலும் கட்டடங்களுக்கு இடையே செப்பு ஓடுவதை இன்னும் ஆபத்தாக்குகின்றன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு லயன்களையே புதைத்த மண்சரிவை அனுபவித்த மாவட்டத்தில், சரிவில் நட்ட கம்பமும் அதில் தொங்கும் கேபிளும் நிலைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஒற்றைப் பாதையை நம்பும் வலையமைப்பு இங்கே என்றோ ஒருநாள் அறுந்தே தீரும். ஆகவே இரண்டாவது பாதை வேண்டும்.

ஆனால் சுவிட்ச்களுக்கு இடையே இரண்டாவது பாதையைப் போட்ட அந்தக் கணத்திலேயே ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இணைய நெறிமுறைப் பொதி ஒவ்வொன்றும் தன் ஆயுளை எண்ணும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூச்சியமானால் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் சட்டகத்தில் அப்படி எதுவும் இல்லை. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒலிபரப்புச் சட்டகம் ஒன்று வளையத்துக்குள் நுழைந்தால் அதை நிறுத்த யாரும் இல்லை. ஒவ்வொரு சுவிட்சும் அதைப் பிரதி எடுத்து மற்ற எல்லாப் போர்ட்களிலும் தள்ளும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு ஒன்று மிகச் சிறிய சட்டகங்களை நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 வரை கடத்தக்கூடியது. வளையம் விழுந்த சில நொடிகளில் அந்த முழு அளவும் பயனற்ற பிரதிகளால் நிரம்பிவிடும். 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் வெளியிட்ட தீர்வு இதற்கானது. கேபிள்களைக் கழற்றாமல், சுவிட்ச்கள் தமக்குள் பேசி, வளையமே இல்லாத ஒரு மரத்தை வரைந்துகொண்டு, மரத்தில் சேராத இணைப்புகளில் தரவைத் தடுத்து வைக்கும். 1990இல் அது 802.1டி தரநிலையாயிற்று. 2001இல் வந்த 802.1டபிள்யூ அதை விரைவாக்கியது. அதற்கு முன் வெறுமனே அடைபட்டது என்று சொல்லப்பட்ட போர்ட்டை ஆல்டர்நேட், பேக்கப் என்று இரண்டாகப் பிரித்ததும் இந்த விரைவு வடிவம்தான்.

மரத்துக்கு முதலில் வேர் வேண்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி முன்னுரிமை எண், பிற்பகுதி அந்தச் சாதனத்துக்கே உரிய மேக் முகவரி. மிகச் சிறிய அடையாள எண் கொண்ட சுவிட்சே ரூட். அதிலிருந்து மற்றவை தம் தூரத்தைக் கணக்கிடும். பழைய கணக்கு முறையில் 10 மெகாபிட் இணைப்பின் செலவு 100, 100 மெகாபிட்டுக்கு 19, 1 கிகாபிட்டுக்கு 4. ரூட்டுக்கு மிகக் குறைந்த செலவில் கொண்டு சேர்க்கும் போர்ட், அந்தச் சுவிட்சின் ரூட் போர்ட். ரூட் அல்லாத சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒன்றே ஒன்று. ஓர் இணைப்பின் இரு முனைகளில் எந்த முனை ரூட்டுக்கு நெருங்கியதோ அது டெசிக்னேட்டட். ரூட்டிலிருந்து வரும் தகவலை அந்த இணைப்புக்குள் கொண்டுவரும் பொறுப்பு அதற்கு. செலவு சமமாக இருந்தால் சிறிய சுவிட்ச் எண்ணும், அதுவும் சமமானால் சிறிய போர்ட் எண்ணும் தீர்ப்புச் சொல்லும். இந்த இரண்டு பங்குகளும் கிடைக்காத போர்ட் அடைபடும். அது கேட்பது வேறொரு சுவிட்சின் மேலான தகவல் என்றால் ஆல்டர்நேட், தன் சொந்தச் சுவிட்சின் தகவலே சுற்றி வந்து சேர்கிறது என்றால் பேக்கப். நான்கு பங்குகளும் இவ்வளவுதான். எல்லா வரிகளிலும் ரூட் என்ற சொல் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம், ரூட் இல்லாமல் இவற்றில் எதையும் வரையறுக்கவே முடியாது என்பதே.

இதை ஒரு கற்பனைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். காரியாலயம், தொழிற்சாலை, வைத்தியசாலை மூன்றிலும் ஒவ்வொரு சுவிட்ச். காரியாலயத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் 1 கிகாபிட் ஃபைபர். தொழிற்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே மாற்றுவழியாக ஒரு ரேடியோ இணைப்பு. இணையத் தொடர்பும் சேவையகமும் காரியாலயத்தில் இருப்பதால் ரூட்டும் அங்கே இருப்பதே முறை. அப்படி இருந்தால் காரியாலயத்தின் இரு போர்ட்களும் டெசிக்னேட்டட், தொழிற்சாலையும் வைத்தியசாலையும் காரியாலயத்தை நோக்கிய தம் போர்ட்களை ரூட் போர்ட்களாகக் கொள்ளும். ரேடியோ இணைப்பில் இரு முனைகளுக்கும் ரூட் 4 என்ற அதே செலவில் இருப்பதால், சிறிய எண் கொண்ட சுவிட்சின் முனை டெசிக்னேட்டட் ஆகும், மற்றது ஆல்டர்நேட்டாக அடைபடும். இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது: அடைபடுவது ஒரு முனை மட்டுமே. டெசிக்னேட்டட் முனை இரண்டு நொடிக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும், அடைபட்ட முனை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் தேவை வந்ததும் அது எழ முடிகிறது.

இப்போது யாரும் எதையும் அமைக்காமல் மூன்று சுவிட்ச்களையும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் முன்னுரிமையும் இயல்புநிலை அமைப்பான 32768. ஆக மேக் முகவரியே முடிவெடுக்கும். ஒரே நிறுவனத்தின் சாதனங்களில் பழையதன் முகவரி பெரும்பாலும் சிறியதாக இருக்கும். அந்தப் பழைய சுவிட்ச் வைத்தியசாலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அதுவே ரூட்டாகிவிடும். அடுத்த சிக்கல் ரேடியோவில் இருக்கிறது. கூரையில் உள்ள கருவி மழையில் சில பத்து மெகாபிட்டுக்கு இறங்கினாலும், அதைச் சுவிட்சுடன் இணைக்கும் சிறு கேபிள் 1 கிகாபிட்டில் ஓடுகிறது. சுவிட்சுக்குத் தெரிவது அந்தக் கேபிள் மட்டுமே. ஆகவே செலவை 4 என்று பதிந்துகொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்தால் தொழிற்சாலை தன் ரூட் போர்ட்டாக ரேடியோவைத் தெரிவு செய்யும். காரியாலயத்துக்கும் தொழிற்சாலைக்கும் நேரே ஓடும் ஃபைபரின் ஒரு முனை அடைபடும். கொழுந்து நிறை பதிவுகள் எல்லாம் ரேடியோ வழியாக வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து காரியாலயத்துக்குத் திரும்பும். எதுவும் அறுந்ததாகத் தெரியாது. எல்லா விளக்குகளும் எரியும். வலையமைப்பு மட்டும் மெதுவாக இருக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலையின் மணம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில்கூட இந்த மெதுவுக்கு யாரும் காரணம் காண மாட்டார்கள்.

இதற்கு மருந்து எளியது. காரியாலய சுவிட்சின் முன்னுரிமையை 4096 என்றும், அது செயலிழந்தால் பொறுப்பேற்க வேண்டியதை 8192 என்றும் வைக்க வேண்டும். இந்த எண் 4096இன் மடங்காகத்தான் இருக்க முடியும். ரேடியோ போர்ட்டின் செலவை 19 அல்லது அதற்கு மேல் கையால் எழுத வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். இரண்டாவது இடத்தை வைத்தியசாலைக்குக் கொடுத்தால் ரேடியோவின் அந்த முனை டெசிக்னேட்டட் ஆகி, தொழிற்சாலை முனை ஆல்டர்நேட் ஆகும். தொழிற்சாலை ஃபைபர் அறுந்தால், விரைவு வடிவத்தில், அந்த ஆல்டர்நேட் உடனே ரூட் போர்ட்டாக மாறும். வைத்தியசாலை ஃபைபர் அறுந்தாலோ வைத்தியசாலையின் கையில் ஆல்டர்நேட் இல்லை. அது தன்னையே ரூட் என்று அறிவித்து, தொழிற்சாலை திருத்தி, பின்னரே பாதை திறக்கும். வேறுபாடு சிறிது நேரம்தான். ஆனாலும் எந்த ஃபைபர் சரிவான நிலத்தின் வழியாக ஓடுகிறதோ அதன் முனையில் ஆல்டர்நேட் இருக்கும்படி திட்டமிடலாம் என்பது, பங்குகளைப் பெயராகப் படித்தவருக்குத் தோன்றாத யோசனை.

ரேடியோவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எதிர்க் கூரையின் கருவி விழுந்தாலும் இந்தப் பக்கச் சிறு கேபிள் உயிரோடுதான் இருக்கும்; இணைப்பு போய்விட்டது என்று சுவிட்சுக்கு உடனே தெரியாது. கட்டுப்பாட்டுச் செய்தி மூன்று முறை வராமல் போன பிறகே, அதாவது ஆறு நொடிகளில், விரைவு வடிவம் முடிவுக்கு வரும். ஃபைபரிலும் இதற்கு இணையான ஒரு கேடு இருக்கிறது. இரு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்து, சில நிலைகளில் சுவிட்ச் அதை உணராமல் போனால், ஆல்டர்நேட் போர்ட் செய்தி கேட்காமல், எதிரில் யாருமில்லை என்று நம்பித் திறந்துவிடும். தடுக்க வந்த நெறிமுறையே வளையத்தை உண்டாக்கும் இடம் அது. லூப் கார்ட் என்ற பாதுகாப்பு இதற்காகவே இருக்கிறது. ஃபைபர் சட்டென்று அறுவதைவிட மெல்ல மெல்ல நசிவது மலைப் பாதைகளில் எதிர்பார்க்கக்கூடியது என்பதால், அதை இயக்கி வைப்பது இங்கே கூடுதல் நியாயம் உடையது.

பேக்கப் போர்ட்டைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஹப் காலத்துப் பொருள் என்றும் சொல்வதுண்டு. பாடசாலைக் கணினி அறைகளை எண்ணிப் பார்த்தால் அது அவ்வளவு பழையதல்ல. மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் கொண்ட மலிவான சுவிட்ச் ஒன்று. அதற்கு ஒரு கேபிள் ஏற்கெனவே பிரதான சுவிட்சிலிருந்து வருகிறது. கீழே கிடக்கும் இன்னொரு கேபிளையும் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதில் செருகுகிறார். அதன் மறுமுனையும் அதே பிரதான சுவிட்சில்தான். மலிவான சுவிட்ச் கட்டுப்பாட்டுச் செய்தியை அப்படியே கடத்திவிட்டால் பிரதான சுவிட்ச் தன் குரலைத் தானே கேட்டு, ஒரு போர்ட்டைப் பேக்கப்பாக அடைத்து எல்லோரையும் காப்பாற்றும். ஆனால் சில மலிவான சுவிட்ச்கள் அந்தச் செய்தியைக் கைவிடுகின்றன. அப்போது காப்பு இல்லை, பிரதிகளின் புயல்தான். எனவே மாணவர் கை படும் போர்ட்களை, கணினி மட்டுமே இணைய வேண்டிய விளிம்புப் போர்ட்களாக அறிவித்து, அங்கே கட்டுப்பாட்டுச் செய்தி வந்தால் போர்ட்டையே மூடிவிடும் காப்பையும், ஒலிபரப்புச் சட்டகங்களின் அளவுக்கு ஓர் உச்ச வரம்பையும் சேர்த்து வைக்க வேண்டும்.

மின்வெட்டு இந்தக் கதையின் இன்னொரு பக்கம். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9இல் முழுத் தீவும் ஒருசேர இருளானது. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் சுவிட்ச்கள் ஒவ்வொன்றாக எழுந்து மரத்தை மீண்டும் முதலிலிருந்து வரைகின்றன. பழைய வடிவத்தில் ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடியும் கற்கும் நிலையில் 15 நொடியும் இருந்த பிறகே தரவை விடும். மறைமுகப் பழுதில் பழைய தகவல் காலாவதியாக இன்னும் 20 நொடி சேர்ந்து 50 ஆகும். அதற்குள் கணினி முகவரி கேட்டுச் சலித்து, தானே ஒரு பயனற்ற முகவரியை எடுத்துக்கொண்டுவிடும். இணையம் இல்லை என்று அறிவிக்கும் அந்தத் திரைக்குக் காரணம் இணையச் சேவை நிறுவனம் என்று எண்ணித் தொலைபேசியை எடுப்பவர்கள் பலர். விரைவு வடிவமும் விளிம்புப் போர்ட் அறிவிப்பும் இந்தக் காத்திருப்பை நீக்கிவிடுகின்றன.

இத்தனை சிரமம் சிறிய இடங்களுக்குத் தேவையா, வளையம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதாதா என்ற மறுப்பு நியாயமானது. மூன்று கணினியும் ஒரு சுவிட்சும் உள்ள இடத்துக்கு உண்மையில் இது தேவையில்லை. ஆனால் வலையமைப்புகள் சிறியதாக நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டடமாக, ஒவ்வொரு சுவிட்சாக, யாரும் முழுப் படத்தை வரையாமலே நீள்கின்றன. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலைக்கு நேர்ந்தது இதுவே. இணைத்து இணைத்து வளர்ந்த அதன் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு சுவிட்ச் ஆழத்தைத் தாண்டியிருந்தது. தரவுச் சுமை ஏறியபோது மரம் நிலைகொள்ளாமல் ஆடியது. நான்கு நாட்கள்வரை மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. அத்தனை வசதியுள்ள வைத்தியசாலையே அப்படித் தடுமாறியது என்றால், பதுளை வைத்தியசாலையில் அதே தடுமாற்றத்தின் விலை என்னவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கொடுத்துப் போட்ட இணைப்பை அடைத்து வைப்பது வீண் என்பது இரண்டாவது மறுப்பு. இரு கேபிள்களும் ஒரே இரு சுவிட்ச்களுக்கு இடையே ஓடினால் இந்த மறுப்பு சரிதான். அவற்றை இணைத்து ஒரே போர்ட்டாக்கும் முறை இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். பல மெய்நிகர் வலையமைப்புகள் இருந்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் வெவ்வேறு ரூட்டை வைத்து, ஒரு மரத்தில் அடைபட்ட இணைப்பை இன்னொரு மரத்தில் இயங்கவும் விடலாம். இவை இரண்டும் பொருந்தாத இடங்களில், குறிப்பாக ஃபைபருக்குத் துணையாக ரேடியோ நிற்கும் இடத்தில், அடைபட்ட போர்ட்டுக்குக் கொடுத்த பணம் ஃபைபர் அறுந்த அன்று திரும்பக் கிடைக்கும். பழுதுபார்க்க வேண்டியவர் பதுளை நகரிலிருந்து மடுல்சீமைக்கோ லுணுகலைக்கோ மழையில் ஏறி வர வேண்டிய நாளில் அதன் மதிப்பு இன்னும் கூடும்.

மூன்றாவது மறுப்பு, இது காலாவதியான நுட்பம் என்பது. பெரிய தரவு மையங்கள் ஸ்பானிங் ட்ரீயைக் கைவிட்டு ரவுட்டிங் அடிப்படையிலான வடிவங்களுக்கு நகர்ந்துவிட்டன என்பது உண்மை. பெர்ல்மனே அதைத் தாண்டிப் போக ட்ரில் என்ற நெறிமுறையை முன்வைத்தார். அது 2011இல் இணையத் தரநிலை ஆவணமாயிற்று. ஆனால் அந்த வடிவங்கள் வேண்டும் சாதனங்களின் விலைக்கும், அவற்றைப் பராமரிக்கும் ஆட்களுக்கும் ஒரு தோட்டப் பாடசாலையோ பிரதேசக் காரியாலயமோ எங்கே போகும்? அப்படியே போனாலும் சுவரில் உள்ள போர்ட்டில் யாரோ ஒருவர் தவறான கேபிளைச் செருகுவது நிற்காது. விளிம்பில் நடக்கும் அந்தத் தவறுக்கு எதிரான காப்பு இன்றும் இதுதான். ஒருமுறை தொல்லை தந்தது என்பதற்காக ஸ்பானிங் ட்ரீயையே நிறுத்திவிடும் வழக்கத்தை இதனோடு சேர்த்தே கண்டிக்க வேண்டும். தொல்லை தந்தது தவறான இடத்தில் அமைந்த ரூட், தண்டிக்கப்படுவது காவல்.

நிர்வகிக்கக்கூடிய சுவிட்சின் விலை அதிகம் என்ற கவலைக்கு மட்டும் முழுமையான பதில் இல்லை. எல்லா இடத்திலும் அதை வாங்க முடியாது. கட்டடங்களுக்கு இடையேயான இணைப்பு வந்து சேரும் இடங்களில் மட்டுமாவது அது இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் இருப்பவை மலிவானவையாக இருந்துவிட்டுப் போகட்டும். பணம் கேட்காத வேலைதான் அதிகம் மீதமிருக்கிறது. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் நட்சத்திரம், வளையம் என்று இடவியல்களை வரைந்து காட்டும் ஆசிரியர்களும், தொழில்நுட்பக் கல்லூரியில் வலையமைப்புக் கற்பிப்பவர்களும், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் இத்துறை படித்து வெளியேறுபவர்களும் ஒன்று செய்யலாம். மூன்று சுவிட்ச்களை முக்கோணமாக வரைந்து, எண்களைக் கொடுத்து, ரூட் எது, எந்த முனை அடைபடும், இந்தக் கோட்டை வெட்டினால் என்ன ஆகும் என்று மாணவரையே கணக்கிடச் சொல்லுங்கள்; பங்குகளின் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். ஏற்கெனவே வலையமைப்பைப் பராமரிப்பவர்கள், சுவிட்ச் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள்: ரூட் எது, இரண்டாவது எது, அடைபட்டிருக்க வேண்டிய போர்ட் எது, அதன் கேபிளை ஏன் பிடுங்கக் கூடாது. அடுத்து வருபவர் தமிழில் வாசிக்கக்கூடியவராக இருந்தால் அதைத் தமிழிலேயே எழுதுங்கள்.